திரைக்கு முன் சிந்தும் கண்ணீர்

மனிதனுக்குக் கண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. தன் துன்பத்தால் வருவது ஒன்று. பிறர் துன்பத்தைக் கண்டு வருவது மற்றொன்று. இரண்டாவது வகைக் கண்ணீரை நாம் என்றும் உயர்வாகவே மதித்து வந்திருக்கிறோம். 'இளகிய மனம்', 'இரக்க சுபாவம்' என்று பாராட்டுகிறோம். ஆனால் நடக்காத ஒன்றைப் பார்த்து, இல்லாத ஒருவருக்காக, கதிரையில் சாய்ந்தபடியே சிந்துகிற கண்ணீரை எதில் சேர்ப்பது? அது புண்ணியமா? வெறும் பொழுதுபோக்கா? அல்லது எம்மை நாமே ஏமாற்றிக் கொள்ளும் ஒரு வழியா?

இக்கேள்வி இன்று எங்கள் வீடுகளுக்கு உரிய கேள்வி. இலங்கையில் 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அந்நாட்களில் அயலில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். மற்ற வீட்டார் விறாந்தையில் பாய் விரித்திருந்து பார்ப்பார்கள். மின்சாரம் இல்லாத 1990களில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஜெனரேற்றர் வைத்து வீடியோப் படம் ஓட்டினார்கள். இன்றோ திரை சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தாய் ஒரு மூலையில் நாடகத் தொடர் பார்க்கிறாள். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேறொன்றைப் பார்க்கிறான். பார்ப்பதும் தனித்தனியே, அழுவதும் தனித்தனியே. பார்த்ததைப் பற்றி ஒருவரோடொருவர் பேசும் வழக்கம் மட்டும் அருகி வருகிறது.

அண்மைய ஆண்டுகளில் பலராலும் பேசப்பட்ட சில தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் குறும்படங்களையும் முன்வைத்து, ஒரு சாதாரண பார்வையாளன் என்ற அளவில் என் அபிப்பிராயங்களை இங்கே எழுதுகிறேன். படப்பிடிப்பு எப்படி, நடிப்பு எப்படி என்று புள்ளி போடுவது என் நோக்கமன்று. அவை எம் கண்ணீரை என்ன செய்கின்றன என்பதே கேள்வி.

அகுஸ்தீனார் எழுப்பிய வினா

வினா பழையது. ஏறத்தாழப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் புனித அகுஸ்தீனார் தமது தன்வரலாற்று நூலின் மூன்றாம் பாகத்தில் இதனை எழுப்பியிருக்கிறார். வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குப் படிக்கப் போன இளமை நாட்களில் அவருக்கு நாடகப் பித்துப் பிடித்திருந்தது. சோக நாடகங்களைப் பார்த்து அழுவதில் அவருக்கு ஒரு தனி இன்பம். நாடகம் அழவைக்கவில்லை என்றால் மக்கள் குறை சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். அழவைத்தால் மகிழ்ச்சியோடு கடைசிவரை இருந்தார்கள். பின்னாளில் ஆயரான பிறகு அவர் அந்நாட்களை எண்ணிப் பார்த்து வியக்கிறார்: தனக்கு வருவதை விரும்பாத துன்பத்தை மேடையிலே கண்டு துயரப்பட மனிதன் ஏன் விரும்புகிறான்? இது என்ன இரக்கம்? பார்ப்பவனை இங்கே உதவி செய்யும்படி எவரும் அழைக்கவில்லை. துக்கப்படும்படி மட்டுமே அழைக்கிறார்கள்.

அகுஸ்தீனார் வினாவோடு நின்றுவிடவில்லை. ஓர் உரைகல்லையும் எம் கையில் தருகிறார். உண்மையான இரக்கம் உள்ளவன், இரங்குவதற்குக் காரணமே இல்லாமற் போவதையே விரும்புவான். நோயாளியின் மேல் அன்புள்ள வைத்தியர் நோய் தீர வேண்டும் என்று விரும்புவாரேயன்றி, தமது கருணையைக் காட்டுவதற்காக நோய் நீடிக்க வேண்டும் என்று விரும்பமாட்டார் அல்லவா? எனவே எந்தக் கண்ணீரையும் இப்படிச் சோதிக்கலாம்: இந்தத் துன்பம் முடிய வேண்டும் என்று விரும்பி அழுகிறேனா, இன்னும் கொஞ்சம் நீள வேண்டும் என்று விரும்பி அழுகிறேனா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அகுஸ்தீனாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், சோக நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளைத் தூய்மை செய்கிறது என்று எழுதினார். எங்கள் நாட்டுக்கூத்துக் கலைஞர்களும் பாஸ்கு நாடகம் ஆடுவோரும் இதை மறுக்கமாட்டார்கள். கதையே கேளாத நெஞ்சு காய்ந்துபோகும். ஆகவே அழுவது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. எந்தக் கண்ணீர் நெஞ்சை நனைக்கிறது, எது வெறுமனே வழிந்து போகிறது என்று பிரித்தறிய வேண்டும் என்றே சொல்கிறேன்.

'தொடரும்' என்ற சொல்

முதலில் எம் வீடுகளில் அதிகம் ஓடுகின்ற சென்னைத் தொடர்களை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கணக்கில் நீளும் தொடர்கள் இவை. மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்துகிறாள். நல்லவள் வீண்பழி சுமக்கிறாள். உண்மையை அறிந்தவர் அதைச் சொல்லப் போகும் வேளையில் விபத்தில் அகப்பட்டு நினைவிழக்கிறார். அன்றைய காட்சி முடியும்போது 'தொடரும்' என்ற எழுத்து வருகிறது.

அகுஸ்தீனாரின் உரைகல்லில் இதை உரைத்துப் பாருங்கள். அந்த மருமகளின் துன்பம் நாளைக்கே தீர்ந்துவிட்டால் பார்ப்பவருக்குத் திருப்தியா? தீர்ந்துவிட்டால் தொடரும் முடிந்துவிடும்; மாலைப் பொழுது வெறுமையாகும். அவள் அழவேண்டும், நாமும் சேர்ந்து அழவேண்டும், நாளையும் அப்படியே நடக்கவேண்டும். துன்பம் நீடிக்கவேண்டும் என்று விரும்புகிற இரக்கம் இது. இதைப் பெரும் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. நாள் முழுதும் அடுப்படியில் நின்ற தாய்க்கு அரைமணி நேரம் இருந்து பார்க்க ஏதோ ஒன்று வேண்டும்தான். ஆனால், திரையிலே மருமகளுக்காக அழுதவள் அணைத்துவிட்டு எழும்பித் தன் மருமகளோடு எப்படிப் பேசுகிறாள்? கண்ணீர் அந்த நாவைக் கொஞ்சமாவது இளகவைத்ததா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வீடும் தானே பதில் சொல்லட்டும்.

பாட்டுப் போட்டிகளிலும் இதே போக்கு உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி 2023 டிசம்பரில் சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் முதலிடம் பெற்றபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் பிள்ளை வாய் திறந்து பாடுவதற்கு முன்பே அப்பிள்ளையின் வறுமையையும் வீட்டு இழப்பையும் பின்னணி இசையோடு காட்டுகிறார்கள். கமரா நடுவரின் கண்ணிலும் தாயின் கண்ணிலும் ஈரத்தைத் தேடுகிறது. பாட்டைக் கேட்க வந்த எமக்குக் காயத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பிள்ளையின் குரலுக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பை அதன் துன்பத்துக்குக் கொடுப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் நீதியாகாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த அறையில் ஒரு பிள்ளை

இனி வேறொரு வகைப் படைப்பைப் பார்ப்போம். 2025 மார்ச்சில் நெற்பிளிக்ஸில் வெளிவந்த 'அடொலசென்ஸ்' என்ற பிரித்தானியத் தொடர் நான்கே பகுதிகள் கொண்டது. 'வளரிளம் பருவம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஸ்ரீபன் கிரகாம், ஜாக் தோர்ண் ஆகிய இருவரும் எழுதியது. ஒவ்வொரு பகுதியும் தொடக்கம் முதல் முடிவுவரை இடையில் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் படம் பிடிக்கப்பட்டது. சிறுவனாக நடித்த ஓவன் கூப்பர் அவ்வாண்டு செப்டெம்பரில், தம் 15ஆம் வயதில், எமி விருது பெற்றார். பிரித்தானியப் பிரதமர் கியர் ஸ்ராமர் தாமும் தம் பிள்ளைகளுடன் இதைப் பார்ப்பதாகப் பாராளுமன்றத்தில் சொன்னார். அந்நாட்டு இடைநிலைப் பாடசாலைகளில் இலவசமாகக் காட்டவும் ஒழுங்கு செய்யப்பட்டது.

கதை இதுதான். ஜேமி என்ற 13 வயதுச் சிறுவன். விடியற்காலையில் பொலிசார் கதவை உடைத்து வந்து அவனைக் கைது செய்கிறார்கள். தன்னோடு படிக்கும் கேற்றி என்ற சிறுமியைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. கொன்றவன் யார் என்ற மர்மம் முதற் பகுதியிலேயே தீர்ந்துவிடுகிறது. ஏன் என்பதே மிச்சக் கதை.

இத்தொடர் எமக்கு வசதியான ஒரு வில்லனைத் தரவில்லை. தகப்பன் குடிகாரன் அல்லன். குழாய் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றும் உழைப்பாளி. தாய் அன்பானவள். மகன் தன் அறைக்குள்ளே கணினியோடு இருந்தான்; அறைக்குள்ளே இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆபத்து வரும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த அறைக்குள் அவன் கைத்தொலைபேசி வழியாக எவருடைய வெறுப்புப் பேச்சு வந்து புகுந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. வழக்கை விசாரிக்கும் பொலிஸ் அதிகாரிக்கும் விளங்கவில்லை. இன்ஸ்ராகிராமில் பிள்ளைகள் இட்ட சிறு அடையாளப் படங்களின் கருத்தை அவருடைய சொந்த மகன்தான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

என் மனதில் அதிகம் தைத்தது பெரிய காட்சி ஒன்றன்று, சிறியதொரு பேச்சு. மகன் உதைபந்தாட்டத்தில் தடுமாறியபோது, மற்றத் தகப்பன்மார் சிரித்தபோது, தன்னால் மகனை நேரே பார்க்க முடியவில்லை என்று தகப்பன் நினைவு கூருகிறார். மகனும் தகப்பன் முகத்தைத் திருப்பியதைக் கண்டிருக்கிறான். அடிக்கவில்லை, ஏசவில்லை, பார்வையைத் திருப்பிக் கொண்டார், அவ்வளவே. அந்தத் திரும்பிய பார்வையால்தான் கொலை நடந்தது என்று கதை சொல்லவில்லை. அது நேர்மையான மௌனம். ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விடுவது ஒரு பிள்ளையின் உள்ளத்தில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை எம் தகப்பன்மார் சிந்திப்பது நல்லது. கணக்கில் நாற்பது புள்ளி எடுத்து வந்த மகனை, பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிக்கப்படாத மகளை, நாம் எந்த முகத்தோடு பார்க்கிறோம்?

இத்தொடரில் ஒரு குறையையும் சொல்லவேண்டும். கொல்லப்பட்ட கேற்றியின் வீடு எமக்குக் காட்டப்படவே இல்லை. அவளுடைய தாய் தகப்பன் அழுவதை நாம் காணவில்லை. கொலையாளியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், செத்தவளை மறந்துவிடுவார்கள் என்று தொடரில் வரும் பெண் பொலிஸ் அதிகாரியே மனம் நோகிறார். அதைச் சொல்லிவிட்டு, தொடரும் அப்படியே செய்கிறது. எம் கண்ணீர் முழுவதும் ஜேமியின் தகப்பனுக்குப் போய்விடுகிறது. இரக்கத்துக்கும் நீதி வேண்டும். யாருக்காக அழுகிறோம் என்பதோடு யாருக்காக அழாமல் விடுகிறோம் என்பதையும் பார்வையாளர் கவனிக்கவேண்டும்.

இது சிறு பிள்ளைகளுக்குரிய தொடரன்று. பெற்றோர் முதலில் தாங்கள் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளோடு இருந்து பார்த்து, பிறகு பேசலாம். பேசுவதற்குத்தான் அது எடுக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

புகையிரதத்தில் எழுந்து நின்றவர்

அடுத்தது ஒரு குறும்படம். பதினைந்து நிமிடமும் இல்லை. குரோஷிய நெறியாளர் நெபோய்ஷா ஸ்லியெப்செவிச் எடுத்தது. 'மௌனமாக இருக்க முடியாத மனிதன்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 2024இல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்க ஓலை விருதைப் பெற்றது. 2025 ஒஸ்கார் போட்டியிலும் இடம்பெற்றது.

நடந்த சம்பவம் ஒன்றே இதற்கு அடிப்படை. 1993 பெப்ரவரி 27ஆம் திகதி, யூகோஸ்லாவிய யுத்த காலத்தில், பெல்கிரேட்டிலிருந்து பார் என்ற துறைமுக நகருக்குச் சென்ற புகையிரதம் பொஸ்னிய எல்லைக்குள் உள்ள ஷ்ட்ர்ப்சி என்ற சிறு நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஆயுதம் தாங்கிய சேர்பிய துணைப்படையினர் ஏறினார்கள். அடையாள ஆவணங்களை வாங்கிப் பார்த்து, இனத்தாலும் மதத்தாலும் பயணிகளைப் பிரித்தார்கள். ஏறத்தாழ இருபது பேரை இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வண்டியில் இருந்த சுமார் 500 பயணிகளில் ஒருவர் மட்டுமே எழுந்து எதிர்ப்புச் சொன்னார். அவர் தோமோ புசோவ், குரோஷிய இனத்தவர், ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி. அவரையும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

வழக்கமான படமென்றால் கமரா தோமோ புசோவின் பின்னால் போயிருக்கும். நாமும் அவரோடு எழுந்து நிற்பதாக எண்ணி, மார்பு விரிந்து, கண் கலங்கி வீட்டுக்குப் போயிருப்போம். இந்த நெறியாளர் அப்படிச் செய்யவில்லை. அவர் அதே பெட்டியில் இருந்த இன்னொரு பயணியின் முகத்தில் கமராவை வைத்துவிட்டார். ஆவணம் இல்லாமல் பயந்து நடுங்கும் இளைஞனுக்கு ஆறுதல் சொன்னவர் அவர். துப்பாக்கி வாசலுக்கு வந்ததும் அவருடைய வாய் அடைத்துப்போகிறது. புகையிரதம் மீண்டும் புறப்படுகிறது. அவர் உயிரோடு இருக்கிறார். நாமும் அவருடைய ஆசனத்தில், அவரோடு இருக்கிறோம்.

இந்தப் படத்தைப் பார்த்து அழுவது இலகுவன்று. அழுதால் யாருக்காக அழுவது என்ற கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது.

இலங்கைத் தமிழருக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. 1983 ஜூலையில் வாகனங்கள் மறிக்கப்பட்டு, பேச்சைக் கொண்டு இனம் கண்டு மனிதர் இறக்கப்பட்டார்கள். அன்று தம் உயிரைப் பணயம் வைத்துத் தமிழரை வீட்டில் மறைத்துவைத்த சிங்கள அயலவர்களை நாம் இன்றும் நன்றியோடு பேசுகிறோம். அப்படிப் பேசும் நாம் இன்னொன்றையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒருசில மணித்தியாலங்களே. தலைமுறை தலைமுறையாக அயலில் வாழ்ந்தவர்கள் கையில் அகப்பட்டதோடு நடந்து போனார்கள். அன்று எத்தனை பேர் எழுந்து நின்றார்கள்? துப்பாக்கிக்கு முன் நிராயுதபாணியிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உயிரைக் கொடுக்கும் வீரம் எல்லோர்மேலும் சுமத்தப்பட்ட கடமை என்று எந்த அறநூலும் சொல்வதில்லை. தோமோ புசோவ் செய்தது கடமைக்கும் அப்பாற்பட்டது.

ஆனால் தோமோ புசோவுக்கும் ஒன்றுமே செய்யாதவருக்கும் இடையில் பல படிகள் உள்ளன. போனவருடைய வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக் கொடுப்பது ஒரு படி. பின்னாளில் அவர்கள் திரும்பி வந்தபோது கைபிடித்து வரவேற்பது ஒரு படி. நடந்ததை நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது இன்னொரு படி. துப்பாக்கி விலகிய பிறகும் மௌனமாக இருப்பதற்கு அச்சத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

கமராவோடு வரும் கொடை

இப்போது எங்கள் ஒழுங்கைக்கே வருவோம். வெளிநாட்டில் வாழும் உறவுகளிடம் பணம் பெற்று, வறிய குடும்பங்களுக்கு உதவி செய்து, அதைப் படம் பிடித்து யூரியூப்பில் வெளியிடும் முயற்சிகள் வடக்கிலும் கிழக்கிலும் பெருகிவிட்டன. இவற்றால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒழுகிய கூரைக்குத் தகரம் வந்தது, கிணறு வந்தது, தையல் இயந்திரம் வந்தது. பணம் கொடுத்தவருக்கு அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டும்.

என்றாலும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது என் நெஞ்சு உறுத்துகிறது. கணவனை இழந்தவள் கமராவைப் பார்த்துத் தன் கதையைச் சொல்லவேண்டும். சொல்லும்போது அழவேண்டும். அழாவிட்டால் கேள்வி கேட்டு அழவைக்கப்படுகிறாள். பாடசாலை போகும் அவளுடைய மகளின் முகமும் ஊர் முழுதும் தெரியும்படி காட்டப்படுகிறது. நாளை வகுப்பில் அப்பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து இருக்கும்? பார்ப்பவருக்குக் கண்ணீர் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் விலையைக் கொடுப்பவள் அந்தச் சிறுமி. தருமம் செய்யும்போது தாரை ஊதவேண்டாம் என்று எமக்குப் போதித்தவர், கொடுப்பவனின் ஆன்மாவை மட்டும் அல்ல, வாங்குபவரின் மானத்தையும் எண்ணியே அப்படிச் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். கூரையைக் காட்டுங்கள், கிணற்றைக் காட்டுங்கள், கணக்கைக் காட்டுங்கள்; முகத்தை விட்டுவிடுங்கள்.

முகத்தைக் காட்டியும் மானத்தைக் காக்க முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 'அனுஜா' என்ற இந்தியக் குறும்படம். இதுவும் 2025 ஒஸ்கார் போட்டியில் இடம்பெற்றது. டில்லியில் ஒரு தையல் தொழிற்சாலையில் தன் அக்காவோடு வேலை செய்யும் ஒன்பது வயதுச் சிறுமி. கணக்கில் கெட்டிக்காரி. நல்ல பாடசாலையில் சேருவதற்குப் பரீட்சை எழுத ஒரு வாய்ப்பு வருகிறது. போனால் அக்காவை விட்டுப் பிரிய நேரும். அவள் என்ன முடிவு செய்தாள் என்பதைச் சொல்லாமலே படம் முடிகிறது. அக்காவும் தங்கையும் சிரிக்கிறார்கள், குறும்பு செய்கிறார்கள், ஒருவருக்கொருவர் துணையாயிருக்கிறார்கள். எம்மிடம் அவர்கள் பிச்சை கேட்கவில்லை. வன்னியிலும் தையல் தொழிற்சாலைகள் உண்டு. எங்கள் பெண் பிள்ளைகள் விடிய முன்னரே பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் இந்தச் சிறுமியைப்போலக் குழந்தைகள் அல்லர். ஆனாலும் நாம் உடுத்தும் சட்டையை யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை தைத்தாள் என்ற நினைவை அப்படம் தருகிறது.

அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு கதை உண்டு. அனுஜாவாக நடித்த சிறுமி, டில்லியில் தெருப் பிள்ளைகளைப் பராமரிக்கும் சலாம் பாலக் அறக்கட்டளையின் நிலையத்தில் வளர்ந்தவள். அந்த அறக்கட்டளை எப்படித் தோன்றியது தெரியுமா? 1988இல் மீரா நாயர் 'சலாம் பம்பாய்' என்ற படத்தை எடுத்தார். பம்பாய்த் தெருக்களில் அலையும் சிறுவர்களின் கதை அது. உலகம் பாராட்டியது; பார்த்தவர்கள் அழுதார்கள். அந்தப் படத்தின் பயனாகத்தான் அதே ஆண்டில் தெருப் பிள்ளைகளுக்கான இந்த அறக்கட்டளை உருவானது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அந்நிலையத்தின் பிள்ளை ஒருத்தி இன்னொரு படத்தில் உலகத்தின் முன் நின்றாள். திரைக்கு முன் சிந்திய கண்ணீர் வீணாகப் போகவேண்டும் என்ற விதி ஒன்றும் இல்லை என்பதற்கு இது சான்று.

நாத்தான் சொன்ன கதை

அகுஸ்தீனாரின் வினாவுக்கு விவிலியத்திலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட பின்னர், இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் வந்தார். வந்தவர் நேரே குற்றம் சாட்டவில்லை. ஒரு கதை சொன்னார். ஏராளமான மந்தைகள் உள்ள செல்வன் ஒருவன், ஏழை ஒருவன் பிள்ளையைப்போல வளர்த்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைத்தான் என்ற கதை. தாவீதின் நெஞ்சு கொதித்தது. அப்படிச் செய்தவன் சாகவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அப்பொழுதுதான் நாத்தான், அந்த மனிதன் வேறு யாருமல்ல, அரசரே என்றார்.

தாவீது அந்த ஆட்டுக்குட்டிக்காகத் துடித்தது போலியன்று. உண்மையாகவே துடித்தார். ஆனால் கதை அங்கேயே முடிந்திருந்தால், 'நான் எவ்வளவு நல்லவன், ஏழைக்காக எப்படிக் கொதித்தேன்' என்ற திருப்தியோடு அவர் சிம்மாசனத்தில் சாய்ந்திருப்பார். கதை திரும்பி வந்து அவரைச் சுட்டியபோதுதான் அந்த உணர்ச்சிக்குப் பயன் பிறந்தது.

நல்ல தொடருக்கும் நல்ல படத்துக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுவே. அது எம்மை அழவைத்ததா என்பது பெரிதன்று, வெங்காயமும் அழவைக்கும். அழுத எம்மை அது திரும்பிப் பார்த்ததா? 'அடொலசென்ஸ்' தகப்பனைக் காட்டி, நீ உன் பிள்ளையைப் பார்த்தாயா என்று கேட்கிறது. அந்தப் புகையிரதப் படம், நீ எந்த ஆசனத்தில் இருந்தாய் என்று கேட்கிறது. மற்றவை எதையும் கேட்காமல், நாளைக்கும் வா என்று மட்டும் சொல்கின்றன.

ஆனால் முழுப் பழியையும் படம் எடுப்பவர்மேல் போட்டுவிடவும் கூடாது. நாத்தான் வந்து சுட்டாவிட்டாலும், பார்வையாளன் தானே தனக்கு நாத்தானாக இருக்கலாம். மிகச் சாதாரணமான சென்னைத் தொடரைப் பார்த்துக்கூட, ஒரு தாய் தன் மருமகளை நினைத்துச் சொல்லொன்றை விழுங்கிக்கொள்ள முடியும். மிகச் சிறந்த குறும்படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் மாறாமலே படுக்கப் போகவும் முடியும்.

குடும்பங்கள் செய்யக் கூடியது

இதற்கு வீட்டிலே பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கிழமையில் ஒரு நாளாவது எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரே படத்தைப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் உடனே எழுந்து போகாமல் பத்து நிமிடம் பேசுங்கள். 'நல்ல படமா, கூடாத படமா' என்று கேட்டால் பேச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். 'நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். பிள்ளையின் அறைக் கதவை உடைக்க வேண்டாம், தட்டுங்கள். உள்ளே போய் அவன் பார்ப்பதை அவனோடு இருந்து கொஞ்ச நேரம் பாருங்கள். எமக்கு விளங்காத அடையாளங்களின் கருத்தை அவன்தான் எமக்குச் சொல்லித் தரவேண்டும்.

எரிக்கோவுக்குப் போகும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனை மூன்று பேர் கண்டார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். காண்பதில் மூவருக்கும் வித்தியாசம் இல்லை. முதல் இருவரும் விலகிப் போகும்போது உள்ளுக்குள்ளே பரிதாபப்பட்டும் இருக்கலாம். அது எமக்குச் சொல்லப்படவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. சமாரியரிடம் மட்டும் கண்ட காட்சி காலுக்கு இறங்கியது. அவர் கிட்டப் போனார்.

திரையில் வரும் எவருக்கும் கிட்டப் போக எம்மால் முடியாது. கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரின் காயத்துக்கு எண்ணெய் வார்க்க முடியாது. ஆனால் அந்தக் கண்ணீர் காய்வதற்கு முன், அடுத்த அறைக்கோ அடுத்த வீட்டுக்கோ நடந்து போக முடியும். அவ்வளவு தூரம் நடந்தால், சிந்திய கண்ணீர் வீண்போகாது.